ஓலைக்கு ஓர் ஆட்சேபணை

"இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே தெரிவிக்க வேண்டும். இது முதலாம் ஓலை" என்று வாசித்து முடித்து, சபைப் போதகரான ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிருபாபாயின் கையிலிருந்து பாட்டுப் புத்தகம் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நிமிரும்போது எத்தனை கண்கள் தன்மேல் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வாசிக்கப்பட்ட ஓலை அவளுடைய ஒரே மகன் ஜாபேசுடையது. பெண் சாத்தான்குளத்து ஆசிரியர் ஒருவரின் மகள் ஜெஸ்மி. பிள்ளைக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தால் பெற்றவள் பூரித்துப் போக வேண்டும். கிருபாபாய்க்கோ முதுகில் வியர்வை வழிந்தது. ஜாபேசுக்கும் ஜெஸ்மிக்கும் கல்யாணம் என்கிற சங்கதி, அடுத்த மாதம் கடைசி ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத்தான் உலகத்துக்குத் தெரிய வேண்டும்.

தூத்துக்குடித் துறைமுகத்துக் கன்டெய்னர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிற ஜாபேஸ், 'ஒரு மாலை, பத்துத் தோள்' என்ற டிவி போட்டியின் இந்த சீசனில் பத்துப் பையன்களில் ஒருவன். ஒரு பெண், இந்தத் தடவை ஜெஸ்மி, கையில் ஒரு மாலை. வாரத்துக்கு ஒருவனாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் மனசுக்குப் பிடித்தவன் கழுத்தில் அவள் மாலையைப் போடுவாள். அந்த ஞாயிறு இரவு ஒளிபரப்பாகப் போகிற கடைசி எபிசோடைச் சென்னையில் எடுத்து முடித்தாயிற்று. மாலை விழுந்தது ஜாபேஸ் கழுத்தில்தான். ஆனால் ஒளிபரப்புக்கு முன்னால் சேதி வெளியே கசிந்தால், அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்து, இரண்டாவதாக வந்த கோயம்புத்தூர்ப் பையனுக்கு மாலையைப் போட வைத்துவிடுவோம் என்று டிவிக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

"போட்டா போடட்டும், அது வெறும் நடிப்புதானே" என்று விட்டுவிடவும் முடியாது. காரணம், அவள் கணவர் தேவபிரசாதம். கோயில் கமிட்டி உறுப்பினர். டிவியைப் 'பிசாசின் ஜன்னல்' என்று மேடையிலேயே சொன்னவர். அவர் வீட்டில் அந்த ஜன்னலே கிடையாது. கிருபாபாய் அடுப்படியில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கைப்பேசியில்தான் மகனைப் பார்த்து வந்தாள். சபை முழுக்க அந்தப் போட்டியைப் பார்த்தது. அவள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் யாரும் அவரிடம் மூச்சு விடவில்லை. மகன் பயிற்சிக்காகச் சென்னை போனதாகவும், போன இடத்தில் ஒரு நல்ல பிள்ளையைப் பார்த்ததாகவும்தான் அவருக்குச் சொல்லியிருந்தது. அந்தப் பிள்ளை ஊரறிய இன்னொருவன் கழுத்தில் மாலை போட்டாள் என்று நாளைக்கு அவர் காதில் விழுந்தால், கல்யாணம் அத்தோடு முடிந்தது.

ஜாபேசோ, "அம்மா, இவ இல்லன்னா எனக்கு யாருமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் வாயைத் திறக்காமல் காப்பியை மட்டும் குடித்துவிட்டு வந்த பையன் அவன். அவனை இத்தனை வார்த்தை பேச வைத்ததே ஜெஸ்மிதான்.

ஆராதனை முடிந்ததும் கிருபாபாய் கணவரை வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"யாரைக் கேட்டு ஓலை குடுத்திய?"

"யாரைக் கேக்கணும்? ரெண்டு வீட்லயும் பேசியாச்சு. லெந்து, அந்த நாப்பது நாள் தபசு வந்துட்டா கோயில்ல கல்யாணம் கிடையாது. நல்ல காரியத்த எதுக்குத் தள்ளிப் போடணும்?" என்று சொல்லிவிட்டு, அவர் ரொம்ப நிம்மதியாகச் செருப்பைத் தேடப் போனார்.

அதற்குள் பாடகர் குழுவின் ஜெபசுதா வந்துவிட்டாள். ஜாபேஸ்-ஜெஸ்மி ஜோடிக்காக நிகழ்ச்சியின் இணையப் பக்கத்தில் வாரா வாரம் ஓட்டுப் போட்டு, அடுத்தவர்கள் கைப்பேசியையும் பிடுங்கி ஓட்டுப் போட்டவள். பின்னால் ஒரு பெஞ்சுப் பெண்கள்.

"கிருபாக்கா, ஓலைல வாசிச்சது நம்ம ஜெஸ்மிதானா? அப்போ ஜாபேசுதான் ஜெயிச்சிருக்கானா?"

கிருபாபாய் வாயில் வந்ததைச் சொன்னாள். "ஏளா, இது வேற ஜெஸ்மி. டிவில வாரவ சென்னைப் பொண்ணுல்லா? இவ சாத்தான்குளத்து வாத்தியார் மக."

சொல்லி முடித்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. ஜெபசுதாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெருமை வடிந்தது.

"அப்போ டிவில அந்தப் பிள்ளைய ஏமாத்துதானா உங்க மகன்? 'நீ பெரிய கப்பல், நான் உன்னைக் கரைக்கு இழுத்துட்டு வார டக் போட்'னு போன வாரந்தான சொன்னான்? அதக் கேட்டு நான் அழுதேன்க்கா."

"போட்டின்னா அப்படித்தான்..."

"இங்கன ஒருத்திக்கு ஓலை, அங்கன ஒருத்திக்கு டக் போட்டா?"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில், 'வஞ்சிக்கப்பட்ட சகோதரி ஜெஸ்மிக்காக' ஜெபசுதா உருகி உருகி ஜெபித்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிருபாபாய் அதற்கு 'ஆமென்' சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லாமல் இருந்தால் சந்தேகம் வரும். சத்தமாகச் சொன்னதால் பக்கத்தில் இருந்தவள் அவளை விநோதமாகப் பார்த்தாள்.

ஜெபத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நிகழ்ச்சியின் இணையப் பக்கத்திலும் யாரோ எழுதிவிட்டார்கள். மறுநாள் ஜாபேஸ் அலுவலகத்திலிருந்து போன் செய்தான்.

"அம்மா, எனக்கு ஊர்ல இன்னொரு பொண்ணு இருக்கான்னு சேனல்ல கேக்காவ. ஜெஸ்மியும் கேக்கா. விளையாட்டாத்தான் கேக்கா, ஆனா கேக்கால்லா?"

இன்னொரு ஓலை வாசித்தால் தாங்காது என்று கிருபாபாய் நேராக ஐயர் குடியிருக்கும் குருமனைக்குப் போனாள். ஓலையை நிறுத்தச் சொன்னால் ஐயர் காரணம் கேட்பார். அதனால் சுற்றி வளைத்தாள். பெண்வீட்டுச் சபையில் இன்னும் ஓலை வாசிக்கவில்லையாம், அங்கே வாசிக்காமல் இங்கே மட்டும் இரண்டாம் ஓலை வாசிப்பது முறையா, கொஞ்சம் ஆறப் போடலாமே என்று விசாரிப்பதுபோல இழுத்தாள்.

ஐயர் முறை தவறாத மனிதர். "நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்கம்மா" என்று நன்றி சொன்னார். அவள் முன்னாலேயே போனை எடுத்துச் சாத்தான்குளத்து ஐயரைக் கூப்பிட்டார். பெண் யார், சென்னையில் என்ன வேலை பார்க்கிறாள் என்கிற விவரம் ஒன்றுவிடாமல் சொல்லி, ஞாயிறு அதிகாலை ஆராதனையிலேயே வாசித்துவிடும்படி கேட்டுக்கொண்டார். ஜெஸ்மியின் பெற்றோர் மகளோடு சென்னையில் இருந்தார்கள். தடுக்க அங்கே ஆள் இல்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, கிருபாபாய் ஐயரம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வீடு திரும்பினாள்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதுதான் தாமதம், ஜெபசுதா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா. எங்க அக்காவக் கட்டிக் குடுத்திருக்கிறது சாத்தான்குளம்லா. காலைல கோயில்ல ஓலை வாசிச்சாவளாம், இப்பத்தான் போன் போட்டா. டிவி ஜெஸ்மியும் இவளும் ஒண்ணுதானாமே. சென்னைல வேலை பாக்கதால சென்னைப் பொண்ணுன்னு காட்டுதாவளாம். அப்போ நம்ம பையன்தான் ஜெயிச்சிருக்கான்."

பின்னால் நின்ற ஒருத்தி மக்ரூன் டப்பாவையே திறந்துவிட்டாள். ஆராதனை முடியும்வரைக்கும் யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று எல்லோரும் கிருபாபாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்தார்கள். ஆராதனை முடிந்து கால் மணி நேரத்தில் தூத்துக்குடி முழுவதற்கும், சாயங்காலத்துக்குள் சேனலுக்கும் தெரிந்துவிடும் என்று அந்தச் சத்தியத்துக்கு அர்த்தம்.

உள்ளே போய் உட்கார்ந்தவளுக்குப் பாட்டும் ஏறவில்லை, பிரசங்கமும் ஏறவில்லை. கோயம்புத்தூர்ப் பையனின் கழுத்துதான் கண்முன்னால் நின்றது. கழுத்து வேறு நல்ல நீளம், மாலைக்கென்றே வளர்த்தது மாதிரி. ஐயர் கண்ணாடியை மாட்டினார். ஓலை வாசித்தார். தடை ஏதேனும் அறிந்தவர்கள் இருந்தால், என்றார்.

கிருபாபாய் எழுந்து நின்றாள்.

"நான் ஆட்சேபிக்கேன், ஐயா."

அந்தக் கோயிலில் அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. ஐயர் அடுத்த வரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். ஆராதனையை யூடியூபில் நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்த கேமரா மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

"நீங்க... பையனுக்கு அம்மாதானம்மா?"

"ஆமாய்யா."

"என்ன தடைன்னு சொல்லணுமே."

பொய் சொல்லலாம் என்றால் பீடம் எதிரே இருக்கிறது. மெய் சொல்லலாம் என்றால் ஆண்கள் பக்கம் தேவபிரசாதம் வாயைப் பிளந்து நிற்கிறார். கிருபாபாய் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத் தேடினாள்.

"பொண்ணு யாருன்னு இன்னும் முடிவாகலய்யா."

"முடிவாகாமத்தான் ஓலை குடுத்தேனா?" தேவபிரசாதத்தின் குரல் தூணில் மோதித் திரும்பியது. "கிருபா, உக்காரு. காரியத்தக் கெடுத்துராத."

"நாந்தான் கெடுக்கேனா? கொஞ்சம் பொறுத்தா என்ன? அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு முடிவாயிரும்."

சபை சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது. ஐயர் அவசரமாக ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார். ஆர்மோனியக்காரர் அதைவிட அவசரமாக வேறொரு பாட்டை ஆரம்பித்தார்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் கணவன் மனைவி இரண்டு பேரையும் பின்கட்டு அறையில் உட்கார வைத்துவிட்டு, வாசலில் கூடிய கூட்டத்தைச் சமாளிக்கப் போனார். மணியடிக்கிற கோயில்குட்டி அற்புதமணி மட்டும் ஒரு மூலையில் காணிக்கைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது கிருபாபாயின் கைப்பேசி அடித்தது. ஜாபேஸ். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு காதில் வைத்தாள்.

"அம்மா, நீ எந்திரிச்சு நின்ன வீடியோதான் இப்போ ஊரெல்லாம் ஓடுது" என்றான். அவன் குரலில் சிரிப்பு இருந்தது. "சாத்தான்குளத்துல வாசிச்சதக்கூட யாரும் நம்பல. மாமியாளே தடுத்துட்டா, அப்போ கோயம்புத்தூர்ப் பையன்தான்னு பாதிப் பேரு, எல்லாம் சேனல் வேலைன்னு மீதிப் பேரு. யாரு ஜெயிச்சான்னு ஒருத்தனுக்கும் தெரியல. சேனல்காரங்களுக்குச் சந்தோசம் தாங்கல. மாலைய மாத்த மாட்டாவளாம், எடுத்தது எடுத்ததுதானாம். ஜெஸ்மியும் லைன்ல இருக்கா, உன்கிட்டப் பேசணும்ங்கா."

ஜெஸ்மி பேசவில்லை, சிரித்தாள். சிரித்து முடித்து, "அத்தை, அடுத்த தடவ எங்க கல்யாணத்துல எந்திரிச்சிராதீங்க" என்றாள். கிருபாபாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாலை தப்பித்தது. இனி மிச்சம் இருந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான். மேலும் பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. போட்டியைச் சொன்னாள், பத்துப் பையன்களைச் சொன்னாள், இயர்போனைச் சொன்னாள், சபை முழுக்கச் சேர்ந்து அவரிடம் மறைத்ததையும் சொன்னாள்.

"என்னைத் திட்டணும்னா திட்டுங்க. ஆனா அந்தப் பிள்ளைய மட்டும் வேண்டாம்னு சொல்லிராதீங்க. நம்ம பையன் ஒரு பொண்ணுகிட்டப் பேசி நான் பாத்ததே இப்பத்தான்."

தேவபிரசாதம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றும் இல்லாததால் காணிக்கைத் தட்டுகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"டிவியா?" என்றார் கடைசியில். அவ்வளவு கண்டிப்பான மனிதருக்கு அந்தக் குரல் கொஞ்சம் மெலிந்துதான் வந்தது.

கையிலிருந்த தட்டை அற்புதமணி மேசைமேல் வைத்தார்.

"இனியும் என்னால அடக்க முடியாதும்மா, போன சீசன்ல கடைசி நேரத்துல மாலைய ஆள் மாத்திப் போட்டதப் பாத்துட்டு, இந்தத் தடவ நம்ம ஜெஸ்மிய ஊரறிய ஓலை வாசிச்சு முன்கூட்டியே பூட்டிரணும்னு, இந்தா இருக்க அண்ணாச்சி என் வீட்டு டிவி முன்னால உக்காந்துதான் முடிவு பண்ணுனாவ."