மலையைக் கீழே இறக்கிய நாள்

கம்ப்யூட்டரில் படம் தெரியவில்லை என்றால், விஷயம் தெரிந்தவனும் தெரியாதவனும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். அணைத்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். தெரிந்தவன் அதற்குச் சம்பளம் வாங்குகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். நான் சம்பளம் வாங்குகிற கட்சி. திருவண்ணாமலையில் ஒரு சின்ன நிறுவனத்தில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது என் வேலை. (கல்யாணப் பத்திரிகைக்கு மண்டபத்துக்கு வழி வரைந்து தர முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது.)

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம், ஒரு புளியமரத்தடியில் என் அம்மாவுக்கு டிபன் கடை. பக்கத்தில் பாஷா பாயின் ஜூஸ் கடை. அப்படியே வரிசையாக இன்னும் பல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாதையோரக் கடைகளை ஒழுங்குபடுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஏற்கெனவே கடை வைத்திருப்பதாகக் காட்டுபவர்களுக்கு அதே இடம். காட்ட முடியாதவர்களுக்கு ஜனமே எட்டிப் பார்க்காத ஒரு பொட்டல். இடம் ஒதுக்கும் அதிகாரி நேரில் வருகிறார்.

"நம்ம பையன் இருக்கான். மேப்பு போட்டுக் காமிச்சிடுவான்" என்று அம்மா எல்லாக் கடைக்காரர்களிடமும் சொல்லிவிட்டாள். (கடைசியாக என்னிடமும் சொன்னாள்.)

எனக்கு அப்போது அனுபவம் கம்மி, தலைக்கனம் ஜாஸ்தி. கடை கடையாகப் போய், போனில் இடத்தைக் குறித்து, பெயரெல்லாம் எழுதிப் பிரமாதமாக ஒரு வரைபடம் தயார் செய்தேன். அந்த மென்பொருளில் எல்லாமே தோசை அடுக்குகிற கதைதான். உலக வரைபடத்தின் மேல் வானத்திலிருந்து எடுத்த மலைப் படம், அதன்மேல் பாதை, கடைகள், கழிவறைகள், குப்பைத் தொட்டிகள். மேலே வைத்தது தெரியும், அடியில் போனது மறையும்.

கூட்டத்தன்று காலை, இட்லியை வைத்துக்கொண்டு மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்னி ஊற்ற வந்த அம்மா திரை ஓரத்தில் இருந்த அடுக்குகளின் பெயர் வரிசையைப் படித்தாள். கரண்டி அப்படியே நின்றது.

"இன்னாடா இது? கழிவறை மேல இருக்குது, அண்ணாமலை அடியில இருக்குது?"

"அது வெறும் அடுக்கும்மா."

"அண்ணாமலையார் தலை மேல கக்கூஸா? எடுடா முதல்ல!"

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. விவாதிக்க எனக்குத் தெம்பில்லை. மலையைப் பிடித்து இழுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு சட்னி ஊற்றினாள். போகிற வழியில் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சட்னி நன்றாக இருந்தது, மறந்துவிட்டேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். கடைக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முதல் வரிசையில் அம்மா, பட்டுப் புடவையில். நான் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, "இதோ நம் கடைகள்" என்று பொத்தானைத் தட்டினேன்.

திரை முழுக்க மலை. அதைச் சுற்றி மரம். கடை ஒன்றுகூட இல்லை.

"ரொம்ப அழகா இருக்குது. கடை எங்கங்க?" என்றார் அதிகாரி.

பெரிதாக்கினேன். மரம் பெரிதானது. சிறிதாக்கினேன். கடைகளின் நிறத்தைச் சிவப்பாக்கினேன், மஞ்சளாக்கினேன். என் தொழிலின் உச்சகட்ட வித்தையான அணைத்துப் போடுவதையும் செய்தேன். மறுபடியும் அதே மலை, அதே மரம். பதற்றத்தில், கடைகள் பூமியில் எங்கே இருக்கின்றன என்று கணக்கிடும் அளவு முறைதான் தப்பு என்று முடிவு கட்டி அதை மாற்றினேன். கடைகள் வந்துவிட்டன! சுற்றிலும் ஒரே நீலமாக இருந்தது. நிலம் தெரியும்வரை படத்தைச் சுருக்கிக்கொண்டே போனேன். ஓரத்தில் ஆப்பிரிக்கா வந்தது.

பாஷா பாய் எழுந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "தம்பி, அங்க பௌர்ணமிக்கு ஜனம் வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "படத்துல கடை இல்லன்னா நான் எதை வச்சுங்க எடம் குடுக்கிறது?" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பேர் பிழைப்பும், என் அம்மாவின் அடுப்பும் என் விரல் நுனியில் இருந்தன, விரலோ வேலை செய்யவில்லை. கடைகளைக் கடலிலிருந்து பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். உடனே மறுபடி மறைந்தன. அப்போதுதான் காலைச் சட்னி உறைத்தது.

"தெரிஞ்சிடுச்சு!" என்று மைக்கிலேயே கத்தினேன். "ஒண்ணுமில்லீங்க, மலையைக் கீழ இறக்கணும்!"

சிரிப்பு பட்டென்று நின்றது.

"யாரு யாரை இறக்குறது?" என்று பின் வரிசையிலிருந்து தேங்காய்க் கடைக்காரர் எழுந்தார். "நாம பொழைக்கிறதே அவரால. அவரைப் போய் இறக்குவியா நீ?" அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். அதிகாரியே பயந்துபோய், "வேற வழி இருக்குதா பாருங்க தம்பி" என்றார். (இருந்தது. மலையை மேலேயே வைத்து, படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் போதும். அது எனக்கு ஞாபகம் வந்தபோது ராத்திரிச் சாப்பாடு முடிந்திருந்தது.)

முதல் வரிசையில் பட்டுப் புடவை எழுந்தது. அம்மா திரையைப் பார்த்தாள். தன் கடை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புளியமரத்தைப் பார்த்தாள். அதிகாரி பையை மூடுவதையும் பார்த்தாள்.

"அவரு ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து, "இறக்குடா சீக்கிரம்!"

இறக்கினேன். பாதை நெடுகக் கடைகள் பெயரோடு பளிச்சென்று வந்தன. தேங்காய்க் கடைக்காரர் திரைக்கு அருகில் வந்து தன் பெயரைத் தொட்டுப் பார்த்தார். "அப்பாடா, கரைக்கு வந்து சேர்ந்தோம்" என்றார் பாஷா பாய். அதிகாரி பையைத் திறந்தார். எல்லோருக்கும் அவரவர் இடமே கிடைத்தது. அம்மாவின் கடை இன்றும் அதே புளியமரத்தடியில்தான்.

எனக்குக் கிடைத்தது 'ஆப்பிரிக்கா' என்ற பெயர். கிரிவலப் பாதையில் இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது அப்பாவின் கேலி. யாரிடமாவது அவள் விரதம், பூஜை என்று ஆரம்பித்தால் போதும், "கடைன்னு வந்ததும் அண்ணாமலையாரையே இறக்கினவ இவ" என்று எடுத்துக்கொடுப்பார்.

அம்மா அசரமாட்டாள். மென்பொருள்படி பார்த்தாலும் அவள் பதிலில் ஒரு தப்பு கண்டுபிடிக்க என்னால் முடிந்ததில்லை.

"அவரை யாரு இறக்கினது? அவரு இருந்த எடத்துலயேதான் இருந்தாரு. நான் கடையத்தான மேல ஏத்தினேன்?"