சாமியார் மடியில் விழுந்த பாஸ்போர்ட்

பௌர்ணமி அன்று திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில், முறையாகப் படியேறிப் போய் சீட்டு பிடித்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டோ, கர்ச்சீப்போ, கைப்பையோ போய்விட வேண்டும். பை விழுந்த சீட்டு பைக்காரருக்கு. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. (கல்யாணமாகி வேங்கிக்கால் வந்த இத்தனை வருஷத்தில் மாமியார் என்னைப் பாராட்டிய ஒரே விஷயம் இதுதான்.)

மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் மூன்றையும் முதுகில் பை மாட்டிக்கொண்டு, டாக்ஸியே இல்லாமல், அந்தந்த ஊர் பஸ்ஸிலேயே சுற்றுவது என் யோசனை. ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களைத் தினம் பார்க்கிற புத்தி வேறென்ன சொல்லும்? என் கணவர் செந்தில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பாஸ்போர்ட் ரெண்டும் அவரிடம் இருக்க வேண்டுமாம்.

"குடையவே ஒழுங்கா வீடு கொண்டாந்து சேக்காதவரு நீங்க" என்று பிடுங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தாய்லாந்தின் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பஸ் ஸ்டாண்ட். நாங்கள் அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அன்றோடு முடிகிறது. (கடைசி நாள் வரைக்கும் சுத்திடணும்னு பேராசை, யாருடையது என்று கேட்காதீர்கள்.) இருட்டுவதற்குள் லாவோஸுக்குள் போய்விட வேண்டும். ஒரு பஸ் நின்றது. அதைச் சுற்றி ஏகக் கூட்டம். எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"டிக்கெட்ல சீட் நம்பரே போட்டிருக்கான்டி. பொறுமையா ஏறலாம்" என்றார் செந்தில்.

"நம்பர் போட்டா ஆச்சா? கூட்டம் எவ்ளோ ஜாஸ்தியா இருக்குது பாருங்க!"

சொல்லிக்கொண்டே வீசிவிட்டேன். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கைப்பை அழகாக உள்ளே போனது. 'ஹா' என்று கூட்டமே வாயைப் பிளந்தது. என் குறியைத்தான் மெச்சுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன், பைத்தியம்.

பை விழுந்தது ஒரு புத்த பிட்சுவின் மடியில். பெண்கள் அவர்கள் மேல் படக்கூடக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். நானோ பையையே எறிந்திருக்கிறேன். அந்தக் கூட்டம் அவரை வழியனுப்ப வந்த கூட்டம். அது எங்கள் பஸ்ஸும் இல்லை. அடுத்த நிமிஷம் அது கிளம்பிவிட்டது.

"ஓல்டான்! ஓல்டான்!" என்று, நம்மூர் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஜன்னலில் அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டிருந்தார். ஆசீர்வாதமா, 'நான் அதைத் தொடமாட்டேம்மா' என்பதா, இன்றுவரை தெரியாது.

"பாஸ்போர்ட்டு எங்கடி?"

"பையில."

செந்தில் அங்கிருந்த பைக் டாக்ஸியில் தாவி ஏறி, முன்னால் கையைக் காட்டி "பஸ்! பஸ்!" என்று அலறிக்கொண்டே போனார். நான் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மூக்கு ஒழுக அழுதேன். ஊர் பேர் தெரியாத இடத்தில், நான் யார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நிஜமாகவே பயந்துவிட்டேன்.

ஒருவழியாகப் பையோடு வந்தார். பஸ் நடுவில் தரையில் கிடந்ததாம். பிட்சு காலிரண்டையும் சீட்டு மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சுற்றிலும் யாரும் அண்டவில்லையாம், ஏதோ பாம்பு கிடக்கிற மாதிரி.

அதற்குள் எங்கள் பஸ்ஸும் வந்து நிரம்பியிருந்தது. நிறைய பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் நம்பர் போட்ட சீட்டு இரண்டு மட்டும் காலியாக இருந்தது. ஒரு ஆளாவது உட்கார்ந்து தொலைத்திருக்கக் கூடாதா, என் மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இருட்டுவதற்குள் எல்லையைத் தாண்டிவிட்டோம்.

அன்றைக்கு என் கைப்பையைத் தோளில் மாட்டியவர் இன்னும் கழற்றவில்லை. கீழ்பென்னாத்தூரில் இருக்கிற என் அம்மா வீட்டுக்குப் போனாலும், பூப்போட்ட அந்த லேடீஸ் பையோடுதான் டவுன் பஸ்ஸில் நிற்கிறார். போன வாரம் மாமியாரும் கூட வந்தபோது, கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், மேடம் பைய நீங்க மாட்டினு வர்றீங்க?"

செந்தில் அசரவே இல்லை. "இவங்க கையில குடுத்தா அது சாமியார் பின்னாடி போயிடுதுங்க."

பஸ்ஸே சிரித்தது. அதில் முதல் சிரிப்பு என் மாமியாருடையது.