மன்னர் மன்னார் ஆன கதை

தங்கள் செத்த வீட்டில் யார் யார் அழுவார்கள் என்று உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட ஆசைப்படாதவர்கள் குறைவு. எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. கிடைத்தபோது நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால், அன்றே உண்மையாகச் செத்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

அப்போது ரொறன்ரோவில் எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். ஊர் மன்னார், பெயர் மரியநாயகம். இந்த நகரத்தில் மரியநாயகங்கள் பலர் இருப்பதால் என்னை எல்லாரும் 'மன்னார் மரியநாயகம்' என்பார்கள்.

சங்கத்தைத் தொடங்கியவர் என் அண்ணன் சவரிமுத்து. சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றில், பதினெட்டாம் மாடியில், ஏழு பேர் தரையில் படுத்துக் கிடந்த காலத்தில் தொடங்கினார். பல வருடம் அவர்தான் தலைவர். ஒரு பொதுக்கூட்டத்தில் நான் அவருக்கு எதிராக நின்றேன். அதற்கு முதல் ஒரு மாதம் வீடு வீடாகப் போன் அடித்து ஆள் சேர்த்திருந்தேன். (அண்ணனுக்குத் தெரியாமல்தான், வேறென்ன!) கை தூக்கச் சொன்னபோது எனக்காக முதலில் உயர்ந்தது என் கையே. அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ செத்தாலும் உன்ர முகத்தில முழிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு மகளோடு இருக்க மொன்றியலுக்குப் போய்விட்டார். ஒன்பது வருடம் ஒரு சொல் பேசவில்லை.

என் தலைமையின் பத்தாவது கலைவிழா வந்தது. வழக்கமான நடனமும் பாட்டும் எனக்குப் போதாமல் போயின. பழைய கிரேக்க நாடகங்களைப் பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து, அதில் பாதியை வாசித்து முடித்திருந்தேன். அந்த நாடகங்களில் அரசன் கெட்டவன் அல்ல. திறமைசாலி, மக்கள் நம்பும் தலைவன். ஆனால் ஒரு குறை இருக்கும். பெரும்பாலும் அகந்தை. எச்சரிக்கிறவர்களின் பேச்சைக் கேட்கமாட்டான், விதியிலிருந்து தப்ப ஓடி ஓடி அதன் மடியிலேயே போய் விழுவான். மேடையில் யாரும் சாகமாட்டார்கள்; சாவு உள்ளே நடக்கும், தூதுவன் வந்து செய்தி சொல்வான், பிறகு உடலைச் சில்லு வைத்த மேடையில் தள்ளிக்கொண்டு வருவார்கள். சுற்றி நின்று ஒரு கூட்டம் பாடும்.

அந்த மாதிரியில் நானே ஒரு நாடகம் எழுதினேன். அரசனாக யார் நடித்தது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

விளம்பரத்துக்கும் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் சனம் வாட்ஸ்அப்பில் எதை வாசிக்காவிட்டாலும் மரண அறிவித்தலை வாசிக்கும். ஆகவே அந்தப் பாணியில் ஒன்று தயாரித்தேன். மேலே என் கோட் சூட் படம். கீழே 'மன்னர் மரியநாயகம் விதியின் அழைப்பை ஏற்றார். அன்னார் தன் மக்களின் அன்புத் தலைவரும், தன் அழிவுக்குத் தானே காரணமானவரும் ஆவார். பார்வைக்கு: சனிக்கிழமை மாலை ஐந்து மணி' என்ற வாசகம், அதோடு மில்லிக்கனில் நாங்கள் எடுத்திருந்த மண்டபத்தின் விலாசம். இது நாடகம் என்று சொல்லும் இரண்டாவது விளம்பரத்தை மறுநாள் அனுப்புவதாகத் திட்டம். ஒரு நாள் சனம் தலையைப் பிய்க்கட்டும் என்று நினைத்தேன்.

என் மனைவி பிலோமினா போனை வாங்கிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உது அசல் செத்த வீட்டு நோட்டீஸ் மாதிரியெல்லோ கிடக்கு?"

"அதுதானே வேணும்."

"மொன்றியலுக்குப் போச்சுதெண்டா? உங்கட அண்ணை பார்த்தா?"

"பார்க்கட்டுமன். நான் செத்தாலும் வரமாட்டன் எண்டு சொன்ன மனுசன்தானே!"

கிரேக்க நாடகத்தில் இந்த இடத்தில் பார்வையாளர்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். நான் அனுப்பும் பொத்தானை அமத்தினேன்.

ஒரு சின்ன விசயத்தை நான் கவனிக்கவில்லை. வாழ்நாளில் 'மன்னார்' என்று ஆயிரம் தடவை எழுதிய போன் அது. 'மன்ன' என்று தொடங்கியதுமே மிச்சத்தைத் தானே போட்டு முடித்துவிட்டது. 'மன்னர்' என்ற சொல்லுக்கு நடுவில் ஒரு அரவு, அந்தத் துணைக்கால், ஏறி உட்கார்ந்துகொண்டது. அறிவித்தலில் இருந்தது 'மன்னார் மரியநாயகம்'. இரண்டாவது விளம்பரத்தை நான் அனுப்பவும் இல்லை. மறுநாள் முழுக்கக் கிரீடத்துக்குத் தங்கத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்து ஸ்காபுரோவிலிருந்து வந்த அழைப்புகளுக்கெல்லாம் அது நாடகம் என்று பிலோமினா பதில் சொன்னாள். மொன்றியலிலிருந்து யாரும் அழைக்கவில்லை.

சனிக்கிழமை நாடகம் நன்றாகத்தான் போனது. தூதுவன் என் சாவை அறிவித்தான். கதிரைகளை அடுக்கித் தள்ளும் வண்டிலில் என்னைக் கிடத்தி, வெள்ளை விரித்து, கிறீச் கிறீச் என்று மேடைக்குக் கொண்டு வந்தார்கள். கோயில் பாடகர் குழுப் பெண்கள் கறுப்புச் சேலையில் நின்று ஒப்பாரி தொடங்கினார்கள். மண்டபம் இருட்டு. வாசலில் என் படத்துக்கு மாலை போட்டு விளக்கும் வைத்திருந்தேன். (அந்த யோசனையும் என்னுடையதே.)

கண்ணை மூடிக் கிடந்தபோது யாரோ நடைபாதையில் ஓடி வரும் சத்தம் கேட்டது. மேடைப் படி தடதடத்தது. ஒரு பாரமான உடம்பு என் மேல் விழுந்தது.

"தம்பி! என்ர தம்பி!"

ஒன்பது வருடம் கேட்காத குரல்.

"செத்தாலும் வரமாட்டன் எண்டு சொன்னனான். அந்த வாய் அழுகிப் போகட்டும். வந்திட்டனடா, பார். எழும்படா. தலைவர் பதவியை நீயே வைச்சிரு. ஆருக்கு வேணும் அந்தக் கோதாரி? நீ எழும்பினாக் காணும்."

நான் எழும்பியிருக்க வேண்டும். மூடிய கண்ணுக்குள் எனக்கும் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் ஒருவர் "என்ன அக்டிங் அப்பா!" என்றார். எங்கோ ஒரு பெண் விம்மினாள். கைதட்டல் தொடங்கி மண்டபம் முழுக்கப் பரவியது. பத்து வருடக் கலைவிழாவில் எனக்கு அப்படியொரு கைதட்டல் கிடைத்ததில்லை. இன்னும் ஒரு நிமிடம் கிடப்போம் என்று நினைத்தேன்.

அண்ணன் என் நெற்றியில் முத்தமிட்டார். திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"சுடுது! உடம்பு சுடுது! உயிர் இருக்கு! ஆராவது டொக்டர் இருக்கிறீங்களோ? ஓடி வாங்கோ!"

கண்ணைத் திறந்தேன். அவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோசத்தை என் கல்யாண நாளில்கூட நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்து, ஒன்பது வருடத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வசனம் இது:

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. இன்னும் ஒரு பாட்டுக் கிடக்கு."

அவர் என் கிரீடத்தைப் பார்த்தார். பாடகிகளைப் பார்த்தார். திரும்பி, எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்தார். பிறகு மெல்லப் படியிறங்கிப் போனார்.

நான் வெறுங்காலோடு, அரச உடையாக உடுத்திருந்த திரைச்சீலை உருகிய பனியில் இழுபட, கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடினேன். அவரே காரை ஓட்டி வந்திருந்தார். நெடுஞ்சாலை என்றாலே பயந்து மருமகனை ஓட்டச் சொல்லுகிற மனிதன், ஆறு மணித்தியாலம் தனியாக ஓட்டி வந்திருந்தார்.

"உண்மையைச் சொல்லு. நான் கதைச்சதெல்லாம் உனக்குக் கேட்டதோ?"

"ஓம் அண்ணை."

"கேட்டுக்கொண்டே கிடந்தனியோ?"

அவர் கதவைத் திறந்து ஏறினார். கண்ணாடியை இறக்கினார். மன்னிக்கப் போகிறார் என்று நம்பிக் குனிந்தேன்.

"இனி நீ நிசமாச் செத்தாலும் வரமாட்டன். ஒருக்கா வந்திட்டன்."

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

தலைமையை அடுத்த மாதமே விட்டேன். மொன்றியலுக்கு மூன்று தரம் போய்க் கதவு தட்டினேன். அவர் மகள் தேத்தண்ணி தந்தாள். அண்ணன் அறையை விட்டு வரவில்லை. இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது.

எங்கள் வீட்டில் அந்த வசனம் மட்டும் செழிப்பாக வாழ்கிறது. பூசைக்கு வா என்றாலும், மாமி வீட்டுப் பிறந்தநாளுக்கு வா என்றாலும், இங்கே பிறந்து வளர்ந்த என் மகள் "ஒருக்கா வந்திட்டன்" என்பாள். அவள் பிழையில்லாமல் பேசும் ஒரே தமிழ் வசனம் அது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிற்பேன்.

போன மாதம் என் உண்மையான மரண அறிவித்தலை நானே எழுதி வைத்தேன். 'மன்னார்' என்ற சொல்லை மூன்று தரம் சரிபார்த்தேன். கடைசியில், அண்ணனுக்காக, ஒரு வரி சேர்த்தேன்: 'இது நாடகம் அல்ல.'

பிலோமினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தாள்.

"இஞ்சருங்கோ, அந்தக் கடைசி வரியை எடுங்கோ. அதைப் பார்த்தா அவர் கட்டாயம் நம்பமாட்டார்."

இந்த முறை அவள் பேச்சைக் கேட்டு எடுத்துவிட்டேன்.