லாஸ் வேகாஸில் கோல்ப் அண்ணை கொடுத்த கைவிசேஷம்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேருக்கு முன்னால் கதைக்கவும் கூச்சம். மறதியும் கூடிவிட்டது. முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வந்தால் குறை நினைக்காமல் வாசியுங்கள்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுவேன். எங்கள் கோல்ப் அண்ணையைப் போலப் புல்லை மதித்த மனிதர் இந்தக் கனடாவில் இருந்ததில்லை, இனி வரப்போவதுமில்லை. மனிதரை அவர் அந்தளவுக்கு மதித்தார் என்று சொல்லமாட்டேன்.

ரொறன்ரோவில், வோபர்ன் பகுதியில், எங்கள் கட்டடத்தில் எனக்கு எதிர்வீடு அவருடையது. மார்க்கம் நகரில் ஒரு கோல்ப் மைதானத்தில் இருபத்திரண்டு வருஷம் புல் வெட்டியவர். ஒருநாளும் பந்தை அடித்ததில்லை. ஆனால் கோல்பைப் பற்றி அவர் கதைக்கத் தொடங்கினால், லிப்றில் ஏறியவர்கள் தங்கள் மாடிக்கு முதலே இறங்கி மிச்சத்தை நடந்து போவார்கள். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

யாருடைய செத்தவீட்டுக்குப் போனாலும் முதலில் வெளியே குனிந்து புல்லைத் தடவிப் பார்ப்பார். பிறகு உள்ளே வந்து அழுதுகொண்டு நிற்கிற பிள்ளைகளிடம், "அப்பா குடுத்துவைச்சவர். ஒண்டரை அங்குலத்திலை அளவா வெட்டியிருக்கிறாங்கள்" என்பார். அவர்கள் என்ன விளங்கினார்களோ, அவருடைய கையைப் பிடித்து இன்னும் அழுவார்கள். கோயில் முன்றலில் பிள்ளைகள் ஓடி விளையாடினால், "உதிலை மிதிக்காதேங்கோ, உதுக்கும் உயிர் இருக்கு!" என்று கத்துவார். உள்ளே ஐயர் மணியடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்.

அவருடைய மனைவி மகேஸ் அக்கா. எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி. அவர்களுக்கு ஒரே மகன், சுதன். கெட்டிக்காரப் பிள்ளை. பொறியியல் படித்துக்கொண்டிருந்தவன், பாதியில் விட்டுவிட்டு லாஸ் வேகாஸுக்குப் போய் ஒரு கசினோவில் சீட்டுப் போடுகிற வேலையில் சேர்ந்தான். கோல்ப் அண்ணை கொதித்துப் போனார். "சூதாடியளுக்குச் சீட்டுப் பிரிச்சுக் குடுக்கிறவன் என்ரை பிள்ளையில்லை" என்றார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் தகப்பனும் மகனும் ஒரு சொல் பேசவில்லை.

மகேஸ் அக்கா ஒளித்து ஒளித்துப் பேசுவா. என்னுடைய கொப்பியிலும் சுதனுடைய நம்பரை எழுதுவித்து வைத்திருந்தா. "எனக்கு ஏதும் ஒண்டெண்டால் நீ அவனுக்குப் போன் அடிக்கோணும்" என்று சொல்லித்தான் எழுதுவித்தா.

அவ ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தா. மூன்று நாளும் மகனைக் கேட்டா. நான் கொப்பியைக் கையில் எடுத்தபோது கோல்ப் அண்ணை வாசலில் நின்றார்.

"அவனுக்கு அடிச்சியெண்டால் என்ரை வீட்டு வாசல் மிதிக்காதை."

நான் கொப்பியை மூடிவிட்டேன். வாய் திறக்கப் பயந்தவள் நான். மூன்றாம் நாள் அவ போய்விட்டா. தகனத்தில் மகன் அமத்த வேண்டிய சூளைப் பொத்தானை அவருடைய தங்கச்சியின் மகன் அமத்தினான். ஒரு மாதம் கழித்து ஆரோ சொல்லித்தான் சுதனுக்குத் தாய் போனது தெரிந்தது.

இரண்டு வருஷம் போனது. எங்கள் முதியோர் சங்கத்தை நடத்துகிற வசந்தி ஒரு நாள் நோட்டீசோடு வந்தாள். லாஸ் வேகாஸ் நாலு நாள் பயணம். தங்குமிடம், ஒரு முறை கோல்ப், கசினோவில் காசுக்குப் பதிலாக வைத்து விளையாட வில்லைகள், எல்லாம் ஒரே ரிக்கெற்றில். சித்திரை வருஷப்பிறப்பும் அதற்குள் வருகிறது என்று பாதிப் பேர் பின்வாங்கினார்கள். கோல்ப் அண்ணைதான் முதலில் கையைத் தூக்கினார். ஆனால் நோட்டீசில் இருந்த ஹொட்டேல் வேண்டாமாம், வேறொன்று வேண்டுமாம்.

"ஏன் அண்ணை அதிலை?"

"அங்கை புல்லு நல்லது."

"பாலைவனத்திலை ஏதண்ணை புல்லு?"

"உனக்கென்ன தெரியும், பேசாமல் புக் பண்ணு!"

எனக்குத் தெரியும். சுதன் வேலை செய்வது அந்த ஹொட்டேலின் கசினோவில்.

போய் இறங்கிய மறுநாள் கோல்ப். பதினொரு பேர் போனோம், பத்துப் பேர் சீலையும் குடையுமாகப் புதினம் பார்க்க. கோல்ப் அண்ணை வாழ்க்கையில் முதல்முறையாக மட்டையைக் கையில் பிடித்தார். பிடித்தபடி நின்றார். பின்னால் வெள்ளைக்காரர் நாலு பேர் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். அண்ணை குனிந்து புல்லைத் தடவினார், விரலை மணந்து பார்த்தார். விரல் பச்சை.

"வசந்தி! இஞ்சை வா! உவங்கள் புல்லுக்குப் பெயின்ற் அடிச்சிருக்கிறாங்கள்!"

"அண்ணை, பந்தை அடியுங்கோ, ஆக்கள் நிக்கினம்."

"அடிச்சால் புல்லுப் பிடுங்கும்."

"பிடுங்கட்டும், அதுக்குத்தானே காசு குடுத்தது!"

"நீ பெத்த பிள்ளையெண்டால் இப்பிடிச் சொல்லுவியோ?" என்றார். சொன்ன பிறகு அவருடைய முகம் மாறியது. மட்டையைக் கீழே வைத்துவிட்டார். மிச்ச நேரம் முழுவதும் முன்னுக்குப் போனவர்கள் பிடுங்கிவிட்ட புல்லுக் கட்டிகளைத் தேடித்தேடி எடுத்து, வைத்து, காலால் அமத்திக்கொண்டு வந்தார். அந்த வெள்ளைக்காரர் அவரை மைதானத்து வேலைக்காரர் என்று நினைத்து ஐந்து டொலர் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் வருஷப்பிறப்பு. வருஷப்பிறப்பன்று தலையில் தேய்த்துக் குளிக்கிற கோயில் மருத்துநீரைக் கோல்ப் அண்ணை வாய் கொப்பளிக்கிற மருந்துப் போத்தலில் கொண்டுவந்திருந்தார். அறை அறையாகத் தட்டி எல்லாருடைய தலையிலும் தேய்த்துவிட்டார். எனக்குத் தேய்த்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, இண்டைக்கு அவனுக்குக் கைவிசேஷம் குடுக்கப்போறன். மகேஸ் இருந்தால் குடுத்திருப்பாள். நீயும் வா. எனக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு."

அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

வருஷப்பிறப்பன்று பெரியவர்கள் வெற்றிலையில் வைத்துக் கையில் கொடுக்கிற முதல் காசுதான் கைவிசேஷம். அதற்கு நல்ல நேரம் இருக்கிறதல்லவா. ரொறன்ரோக் கோயில் கலண்டரில் காலை பத்திலிருந்து பதினொன்று என்று போட்டிருந்தது. "இஞ்சை மூண்டு மணித்தியாலம் வித்தியாசம். பத்தும் மூண்டும் பதின்மூண்டு. அப்ப பகல் ஒரு மணி" என்றார். அவர் சொன்னால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். குளித்து வந்து, விடிய ஏழரை மணிக்கு ரொறன்ரோவுக்குக் கிட்ட அஜக்ஸில் இருக்கிற என் மகளுக்கு அடித்தேன். "இப்பத்தான் அம்மா பிள்ளையளுக்குக் கைவிசேஷம் குடுக்கிறன்" என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கூட்டுவதில்லை, கழிக்க வேண்டும். நல்ல நேரம் அந்த நிமிஷத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

எதிர் அறைக் கதவைப் பார்த்தேன். சொன்னால் இந்த மனிதர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். மகன் வேலைக்கு வருவது மத்தியானம். "நேரம் போட்டுது, வாற வருஷம் பாப்பம்" என்று வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார். நான் சொல்லவில்லை. முன்பும் ஒருமுறை வாயை மூடினவள்தான். இந்தமுறை தெரிந்துகொண்டு மூடினேன்.

பகல் ஒரு மணிக்குக் கசினோ. பட்டு வேட்டி, சால்வை, நனைந்த கடதாசியில் சுற்றிய வெற்றிலை, ஒரு டொலர்க் குத்திக் காசு. சுதன் ஒரு மேசைக்குப் பின்னால் நின்றான். மெலிந்திருந்தான். காதோரம் நரை. எங்களைக் கண்டதும் சீட்டுக் கலைத்த கை ஒரு நொடி நின்றது. பிறகு கலைத்தான்.

விளையாடுகிறவர்கள்தான் அந்த மேசையில் உட்காரலாம். அண்ணை உட்கார்ந்தார். சீட்டுகளைக் கூட்டி இருபத்தொன்றுக்குக் கிட்டக் கொண்டுவரவேண்டிய விளையாட்டு அது. தாண்டினால் தோல்வி. விரலால் மேசையைத் தட்டினால் இன்னொரு சீட்டுத் தா என்று அர்த்தமாம். அண்ணைக்குப் பதற்றம் வந்தால் விரலால் தட்டுகிற பழக்கம். அவர் தட்டத் தட்ட மகன் சீட்டுப் போட்டான். பத்தொன்பதுக்கும் தட்டினார். இருபதுக்கும் தட்டினார். பக்கத்தில் இருந்த தொப்பிக்காரர் தலையில் கை வைத்தார். வில்லைகள் குறைந்துகொண்டு வந்தன. முடிந்தால் எழும்ப வேண்டும். என்னுடையதை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.

சுதன் அவரைத் தகப்பனாகப் பார்க்கவில்லை. "சேர்" என்றுதான் கூப்பிட்டான்.

கடைசி வில்லையும் போனது. அண்ணை எழும்பி, வெற்றிலையையும் குத்தியையும் வலது கையில் வைத்து நீட்டினார்.

"சேர், கையிலை வாங்கேலாது. மேசையிலை வையுங்கோ" என்றான் ஆங்கிலத்தில். அவ்வளவும் எனக்கு விளங்கியது.

"மேசையிலை வைச்சால் அது கைவிசேஷமில்லையடா."

மேற்பார்வைக்காரர் வந்தார். இவரை உனக்குத் தெரியுமா என்று சுதனைக் கேட்டார். சொந்தக்காரருக்குச் சீட்டுப் போடக்கூடாதாம். தெரியாது என்றால் அவன் அப்படியே நிற்கலாம். தெரியும் என்றால் மேசையை விட்டுப் போகவேண்டும். இதெல்லாம் பிறகு வசந்தி விசாரித்துச் சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்தது அவன் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தது மட்டும்தான்.

"என்ரை அப்பா" என்றான். ஆங்கிலத்தில்தான் சொன்னான்.

வேறொரு பெண் அவனுடைய இடத்துக்கு வந்தாள். மேசையை விட்டுப் போகிறவர்கள் ஒன்றும் எடுக்கவில்லை என்று காட்ட, கையைத் தட்டி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கூரைக் கமராவுக்குக் காட்ட வேண்டும். சுதனும் காட்டினான். கோல்ப் அண்ணைக்கு அந்தச் சட்டம் எங்கே தெரியும்? மகன் வருஷப்பிறப்பன்று இரண்டு கையையும் ஏந்துகிறான் என்று நினைத்தார். எட்டி வெற்றிலையையும் குத்தியையும் அந்தக் கைக்குள் வைத்து, "நல்லாயிரு ராசா" என்றார்.

மூன்று பேர் ஓடிவந்தார்கள். குத்தியை இரண்டு பக்கமும் பிரட்டிப் பார்த்தார்கள். வெற்றிலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவர் அதை மணந்தும் பார்த்தார். சுதன் என்னவோ நீளமாகச் சொன்னான். கடைசியில் இரண்டையும் அவனிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுடைய உடுப்பில் பொக்கற் இல்லை. கைக்குள் பொத்திக்கொண்டு எங்களோடு வெளியே வந்து ஒரு வாங்கில் உட்கார்ந்தான். பதினைந்து நிமிஷம் பிறேக்.

பிறகு கேட்டான்.

"அம்மா என்னைக் கேட்டவவோ?"

அண்ணை நிலத்தைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"மூண்டு நாளும் கேட்டவ தம்பி. நம்பர் என்னட்டை இருந்தது. நான் அடிக்கேல்லை."

"அவளிலை பிழையில்லை. நான்தான் விடேல்லை" என்றார் அண்ணை.

"தெரியும்" என்றான். பிறேக் முடிந்தது, எழும்பிப் போனான்.

பிளேனில் அண்ணை என் பக்கம் சரிந்து கேட்டார். "கையைப் பொத்திக்கொண்டுதானே இருந்தவன், கண்டனியே?"

"ஓம் அண்ணை."

"திருப்பித் தரேல்லை."

"இல்லை அண்ணை, தரேல்லை."

அதற்குப் பிறகு அவன் அடிப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். குளிக்கப் போனாலும் போனைக் கொண்டு போவார். அவன் அடிக்கவில்லை. இவரும் அடிக்கவில்லை. அடுத்த பனிக்காலத்தில், ஒரு காலை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவர் அப்படியே விழுந்துவிட்டார்.

நான் கொப்பியை எடுத்து அடித்தேன். "அப்பா எங்களை விட்டுப் போட்டார் தம்பி."

"அன்ரி, நான் வருமட்டும் அப்பாவை எடுக்க விடாதேங்கோ."

தகனத்தன்று பனி கொட்டி அவனுடைய பிளேன் பிந்தியது. அடுத்த குடும்பம் காத்திருக்கிறது என்றார்கள். அண்ணையுடைய தங்கச்சியின் மகன் பொத்தானுக்குக் கிட்டப் போனான். நான் போய்க் குறுக்கே நின்றேன். "மகன் வாறான். அவன் வராமல் ஒருத்தரும் தொடக்கூடாது!" அவ்வளவு சத்தம் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முக்கால் மணித்தியாலம் அப்படியே நின்றேன். சுதன் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான், தகப்பனுடைய முகத்தைப் பார்த்தான், அமத்தினான்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பயணம் நாலு நாளா ஐந்து நாளா, சீட்டு விளையாட்டை நான் சரியாகச் சொன்னேனா என்பதையெல்லாம் வசந்தியோ வேறு தெரிந்த யாராவதோ ஒருக்காப் பார்த்துத் திருத்திவிடுங்கள். அவர் இருந்தால் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன். "தங்கச்சி, நீ எழுதினது முழுக்கப் பிழை" என்று கட்டடத்துக்கே கேட்கிறமாதிரிக் கத்தியிருப்பார். எனக்கு அதைக் கேட்க வேண்டும்போல இருக்கிறது.