வெள்ளைக்காலியும் முந்நூற்று அறுபத்து நான்கு சதுரங்களும்

ஒரு காட்டில், கடிப்பதற்கும் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு நடந்த கதை இது. சட்டம் போட்டது யானை. புலி காரணமே சொல்லாமல் கண்டவரையும் சாப்பிடுகிறது என்று புகார் குவிந்துவிட்டது. 'எந்த மந்தை மெதுவானது என்று கணக்குப்படி நிரூபித்தால், அடுத்த ஒரு வருஷம் அந்த மந்தையை மட்டும் சாப்பிடலாம்' என்று யானை எழுதி முத்திரையும் குத்திவிட்டது. புலிக்கு முட்டி வலி. மெதுவான மந்தை கிடைத்தால் சௌகரியம்தானே என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டது.

அந்தக் காட்டில் காட்டெருமை மந்தைகள் மூன்று. ஓடை மந்தை, பாறை மந்தை, மூங்கில் மந்தை. மந்தைக்கு நாலு பேர். மூங்கில் மந்தையின் மூத்தவள் பெயர் வெள்ளைக்காலி. காட்டெருமை இனத்தில் எல்லாருக்குமே முழங்காலுக்குக் கீழே வெள்ளைதான் என்பதால், அந்தப் பெயரை வைத்து அவளை இதுவரை யாரும் அடையாளம் கண்டதில்லை. தங்கைகள் மூவர்: சுருட்டைக்கொம்பி, தொங்குகாதி, குட்டைவாலி. நாலு பேரும் தோளோடு தோள் உரசித்தான் நடப்பார்கள். ஒருத்திக்குத் தும்மல் வந்தால் மற்ற மூவரும் நின்று, தும்மி முடித்தவள் மூக்கைத் துடைத்த பிறகுதான் நகர்வார்கள். இதில் வெள்ளைக்காலிக்கு அப்படி ஒரு பெருமை.

கணக்குப் போட நியமிக்கப்பட்டது முள்ளம்பன்றி. மலைக்கு வந்த கல்லூரிக்காரர்கள் தவறவிட்டுப் போன கைபேசி ஒன்று அதனிடம் இருந்தது. நேரம் குறித்ததும் அதில்தான், கணக்கைக் கற்றுக்கொண்டதும் அதில் இருந்த பாடக் குறிப்புகளில்தான். முதலில் ஒத்திகை ஓட்டம், எட்டு நாள் கழித்து உண்மையான ஓட்டம் என்று ஏற்பாடு.

ஒத்திகையில் ஓடை மந்தையும் பாறை மந்தையும் ஆளுக்குப் பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று நொடி என்று ஓடின. சராசரி இருபது. மூங்கில் மந்தை குட்டைவாலிக்காகக் காத்து, சேர்ந்தே ஓடி, சேர்ந்தே வந்து சேர்ந்தது. நாலு பேருக்கும் மிகச் சரியாக இருபத்தாறு.

முள்ளம்பன்றி முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி மணலில் கோடு போட ஆரம்பித்தது.

"மொத்தச் சராசரி இருபத்திரண்டு. அதிலிருந்து ஒவ்வொருத்தரும் எவ்வளவு விலகியிருக்காங்கன்னு பாக்கணும்."

"கூட்டிச் சொல்லேன், சீக்கிரம்" என்றது புலி.

"கூட்டினா பூஜ்யம்தாங்க வரும். கூடினதும் குறைஞ்சதும் அடிபட்டுப் போகும். பூஜ்யத்தை வெச்சு யாரைக் கடிப்பீங்க? அதுக்குத்தான் சதுரம். ரெண்டு விலகினா நாலு கட்டம், நாலு விலகினா பதினாறு கட்டம்."

மணல் முழுக்கச் சதுரங்கள் முளைத்தன. மந்தைக்கும் மந்தைக்கும் உள்ள வித்தியாசத்தால் வந்த வெளிச் சதுரம் தொண்ணூற்றாறு கட்டம். மந்தைக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மாறியதால் வந்த உள் சதுரம் வெறும் நாலு. அந்த நாலிலும் மூங்கில் மந்தையின் பங்கு ஒன்றுமில்லை. முள்ளம்பன்றி பாடக் குறிப்பில் சொன்னபடி, முன்னதை மூன்று மந்தையில் ஒன்று குறைத்து இரண்டால் வகுத்தது, பின்னதைப் பன்னிரண்டு பேரில் மூன்று குறைத்து ஒன்பதால் வகுத்தது, ஒன்றை மற்றொன்றால் வகுத்தது.

"நூத்தெட்டு மடங்கு. உண்மையான ஓட்டத்துலயும் இப்படியே வந்தா, மூங்கில் மந்தைதான் மெதுவுன்னு நிரூபணம்."

"நூத்தெட்டா? ராசியான எண்ணாச்சே" என்று புலி நாக்கைச் சுழற்றி மூக்கை நக்கிக்கொண்டது.

வெள்ளைக்காலி சாயங்காலமே முள்ளம்பன்றியைத் தேடிப் போனாள்.

"கணக்கர் சார், நாங்க தப்பிக்க வழியே இல்லையா?"

"வேகமா ஓடுங்க."

"குட்டைவாலியால முடியாதுங்க."

முள்ளம்பன்றிக்குப் பாடம் சொல்ல ஆள் கிடைத்தால் போதும், யாருக்குச் சாதகம் என்றெல்லாம் பார்க்காது. "இங்க பாரும்மா. உள் சதுரம் பெருத்துட்டா வெளிச் சதுரத்துக்கு மரியாதையே கிடையாது. தற்செயலா வந்த வித்தியாசம்னு நானே எழுதிக் கொடுத்துடுவேன். நீங்க மெதுவா ஓடலாம். ஒரே மாதிரி மெதுவா ஓடக் கூடாது. அவ்வளவுதான்."

வெள்ளைக்காலி துள்ளிக் குதித்து வீட்டுக்கு ஓடி வந்து பயிற்சியைத் தொடங்கினாள். சுருட்டைக்கொம்பியை முன்னால் ஓடச் சொன்னாள். நாலு பேரும் முன்னால் ஓடினார்கள். குட்டைவாலியைப் பின்தங்கச் சொன்னாள். நாலு பேரும் பின்தங்கினார்கள். இதில் கொடுமை, வெள்ளைக்காலியும்தான் பின்தங்கினாள், தன்னையறியாமல். ஏழு நாள் இப்படியே போயிற்று. ஏழாம் நாள் மாலை தங்கைகள் அவள் காதை நக்கிவிட்டு, "சாகிறதா இருந்தாலும் சேர்ந்தே சாவோம்க்கா" என்றார்கள். அதைக் கேட்டதும்தான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது.

எட்டாம் நாள். கோட்டில் நாலு பேரும் தோளோடு தோள் நின்றார்கள். முள்ளம்பன்றி கைபேசியைத் தூக்கியது. வெள்ளைக்காலி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"போன மழைக்கு உப்புப் பாறையைக் கண்டுபிடிச்சு, தனியா நக்கிட்டு வாயைத் துடைச்சுக்கிட்டு வந்தது தொங்குகாதிதான்."

"அதை உன்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்!" தொங்குகாதிக்குக் காது இரண்டும் விறைத்து நின்றன. "அப்போ நானும் சொல்றேன். குட்டைவாலி ஒண்ணும் முடியாம மெதுவா நடக்கல. முன்னாடி போறவ முள்ளுப் புதரை ஒதுக்கித் தரட்டும்னு வேணும்னே நடக்குறா."

குட்டைவாலி அழுதுகொண்டே, "சுருட்டைக்கொம்பியோட கொம்பு முறுக்கு மாதிரி இருக்குன்னு சிரிச்சது யாரு? பெரியக்காதான்" என்றாள்.

"ஓடுங்க" என்றது முள்ளம்பன்றி.

சுருட்டைக்கொம்பி ஒருத்தி முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் பிய்த்துக்கொண்டு ஓடினாள். பதினாலு நொடி. "நான் அப்படிச் சொல்லலைடி" என்று கத்திக்கொண்டே அவளைத் துரத்திய வெள்ளைக்காலிக்கு இருபது. தொங்குகாதி பாதி தூரம் போய், இன்னொரு பதில் ஞாபகம் வந்து திரும்பி வந்து, சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள். முப்பத்திரண்டு. "வேணும்னே நடக்குறேன்ல? இப்ப நடக்குறேன் பாரு" என்று குட்டைவாலி நடந்தே வந்தாள். முப்பத்தெட்டு. மற்ற இரண்டு மந்தைகளும் போன முறை ஓடியபடியே ஓடின.

"மூங்கில் மந்தையோட சராசரி அதே இருபத்தாறு" என்றது முள்ளம்பன்றி. புலி எழுந்து சோம்பல் முறித்தது.

"இருங்க, இன்னும் உள் சதுரம் போடல."

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஒன்று. ஆறுக்கு ஆறு ஒன்று. இன்னொரு ஆறுக்கு ஆறு. மறுபடி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மணல் போதவில்லை. "ஐயா, கொஞ்சம் எழுந்திருச்சுத் தள்ளி உக்காருங்க" என்று முள்ளம்பன்றி புலியின் வாலுக்கடியிலும் கட்டம் போட்டது. புலி மூன்று தடவை இடம் மாறி உட்கார்ந்தது.

"வெளிச் சதுரம் பழைய தொண்ணூத்தாறுதான். உள் சதுரம் முந்நூத்து அறுபத்து நாலு. வகுத்தா ஒண்ணேகால் மடங்குகூட வரல. மந்தைகளுக்குள்ள வித்தியாசம் நிரூபணமாகல. எல்லாம் அவங்க வீட்டுச் சண்டை."

"அப்போ நான் யாரைச் சாப்பிடுறது?"

"கணக்குப்படி யாரையும் சாப்பிட முடியாதுங்க."

புலி சதுரங்களைத் தாண்டி முள்ளம்பன்றியிடம் வந்தது. "நீ எந்த மந்தை?"

"நான் தனிங்க."

"தனி ஆளுக்கு உள் சதுரம் எவ்வளவு?"

முள்ளம்பன்றிக்குப் பொய்க் கணக்குச் சொல்லத் தெரியாது. "பூஜ்..." என்று ஆரம்பித்து, முடிக்காமலே ஓடியது. எத்தனை நொடியில் ஓடியது என்று தெரியவில்லை. கைபேசியில் அதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து நாலு பேரும் மூங்கில் காட்டின் நாலு மூலையில் நாலு திசை பார்த்துப் படுக்கிறார்கள். யாருக்காவது தும்மல் வந்தால் தனியாகத் தும்மிக்கொள்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெள்ளைக்காலி பழக்கத்தில் எழுந்து நின்றுவிடுவாள். உயிரோடு இருப்பவள்தானே தும்முகிறாள் என்று மனசைத் தேற்றிக்கொள்வாள்.

மாசி மாதம் ஒருநாள் சுருட்டைக்கொம்பி மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள். "அக்கா, போனது போகட்டும். நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

வெள்ளைக்காலிக்குக் கண் நிறைந்துவிட்டது. காதை நக்கக் கழுத்தை நீட்டியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"புலி மறுபடி படிவம் கொடுத்திருக்கு. அடுத்த ஓட்டம் பங்குனி பத்தாம் தேதிடி. பதினொண்ணாம் தேதி வந்து மன்னி. அதுவரைக்கும் உன் கொம்பு முறுக்குதான்."

நீதி: ஒற்றுமையாக இருப்பவர்களைச் சராசரி பார்த்துச் சாப்பிட்டுவிடுவார்கள். ஆகவே, குடும்பத்தின் மீது உண்மையான பாசம் உள்ளவர்கள், கணக்கெடுக்க ஆள் வரும் தேதியைத் தெரிந்துகொண்டு அதற்கு முந்தைய நாளே சண்டையை ஆரம்பித்துவிட வேண்டும்.