எழுபத்தெட்டு வரிசைத் தலை

நெடுஞ்சாலை ஓரமாகப் புதுவாயலை நோக்கி நான் நடந்துகொண்டிருந்தபோது, எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாரும் என் தலையைத்தான் பார்த்தார்கள். மே மாத மத்தியானம். தார் செருப்பைப் பிடித்து இழுத்தது. என் தலையிலோ காதுவரை இறக்கிய கம்பளிக் குல்லா, அதுவும் வாடாமல்லி நிறத்தில். இறால் கம்பெனி கேட்டை விட்டு வெளியே வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. குல்லாவைக் கழற்றிப் பைக்குள் போட்டிருக்கலாம்தான். ஆனால் அன்று காலையில் அதைக் கால்சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்தவன் நான். இன்னொரு தடவை ஒளிக்க மனசு வரவில்லை.

அந்தக் குல்லாவைப் பின்னியவனைப் போல ஒரு கிறுக்கன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அதற்கு முன் இருந்ததில்லை. இனிமேல் வரப்போவதும் இல்லை. குல்லா நைனா என்று பெயர். சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. பள்ளிப்பட்டுப் பக்கம், ஆந்திர எல்லையோரத்து ஆள். வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லாரையும் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவான். குவாலிட்டி மேடத்தையே ஒரு முறை அப்படிக் கூப்பிட்டுவிட்டு, மூன்று நாள் அவர் வரும் வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போனான். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

எங்களுக்குக் குளிர்க் கிடங்கில் வேலை. இறால் பெட்டிகளை அடுக்குவது, எடுப்பது. உள்ளே மைனஸ் பதினெட்டு. முக்கால் மணி உள்ளே இருந்தால் கால் மணி வெளியே வந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளலாம். அந்தக் கால் மணியில் மற்றவர்கள் டீ குடிப்பார்கள், பீடி பிடிப்பார்கள், பெண்டாட்டியோடு போனில் சண்டை போடுவார்கள். நைனா குல்லா பின்னுவான். கொக்கி ஊசிகூட அவனே செய்தது. தடித்த அலுமினியக் கம்பியை அராவி முனையை வளைத்திருந்தான்.

எடுத்த உடனே பின்ன மாட்டான். முதலில் ஏழு நிமிடம் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். கேட்டால், “வெறச்ச கையில பின்னா இறுக்கம் ஒரு மாரி, சூடான கையில ஒரு மாரி. ஒரே குல்லாவுல ரெண்டு சீதோஷ்ணம் இருக்கக் கூடாது நைனா” என்பான். மீதி எட்டு நிமிடத்தில் நாலு வரிசை முடிந்தால் அன்று அவனுக்குத் தீபாவளி.

எல்லாரும் குல்லாவை உச்சியில் தொடங்குவார்கள். இவன் விளிம்பில் தொடங்குவான். பன்னிரண்டு கண்ணி அகலத்தில் ஒரு பட்டையைப் போய்ப் போய்த் திரும்பிப் பின்னுவான். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழை இருக்குமாம்; பின்பக்கத்து இழையில் மட்டும்தான் கொக்கியை விட வேண்டுமாம். அப்படிச் செய்தால் பட்டை வரிவரியாக மேடும் பள்ளமுமாக வரும். ஆர்மோனியத் துருத்தி மாதிரி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். பிறகு பட்டையின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து வளையமாக்கி, அதன் மேல் உச்சியை எழுப்புவான். “வெளிம்பு தான் நைனா குல்லா. மேல இருக்கறது வெறும் மூடி.”

பட்டை எத்தனை வரிசையோ, தலை அத்தனை பெரிது. பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் நாடாவைத் தலையில் சுற்றி இழுத்து, ஊரறிய அறிவிப்பான். எனக்கு அளந்த அன்று ஓய்வறை முழுக்க ஆள்.

“எழுவத்தெட்டு வரிசை!” என்றான். “இன்னா நைனா, இம்மாம் பெரிய தலய வெச்சிக்கினு எட்டாவதோட நின்னுட்ட?”

சூப்பர்வைசரை அளந்தபோது எண்பத்து நாலு வந்தது. “சாருக்கு வேணாம். கம்பளி பத்தாது” என்று நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டான்.

ஒரு முறை தீ விபத்து ஒத்திகை வைத்தார்கள். சைரன் அலறியது. எல்லாரும் ஓடினோம். நைனா மட்டும் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, “முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு” என்று எண்ணிக்கொண்டே கல்யாணப் பெண் மாதிரி நடந்து வந்தான். வெளியே மரத்தடியில் சூப்பர்வைசர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். “பதினேழு, பதினெட்டு…”

“யோவ் நைனா! நடுவுல நீ ஏன்யா எண்ற? வுட்டுப்பூச்சு பாரு!” என்று நைனா கத்தினான். சூப்பர்வைசரும் விட்டுவிட்டார். இரண்டு பேரும் முதலிலிருந்து எண்ணினார்கள். நிஜமாகவே தீப்பிடித்திருந்தால் நாங்கள் இருபத்து மூன்று பேரும் இரண்டு முறை வெந்திருப்போம்.

அவன் ஆறு வருடமாக ஒப்பந்தக் கூலி. அடுத்த மாதம் நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் இருப்பதாகப் பேச்சு. நிரந்தரமானால் மார்பில் பெயர் தைத்த நீலச் சட்டை தருவார்கள். “மெஷின் தையலு, மட்டம்” என்று உதட்டைச் சுழிப்பான். ஆனால் அந்தச் சட்டை போட்ட யார் வந்தாலும் நிறுத்தி, பெயரை விரலால் தடவிப் பார்ப்பான்.

என் கதை வேறு. செங்கல் சூளை, அரிசி மில், திருவாலங்காட்டில் ஒரு கரும்பு வண்டி, பழவேற்காட்டில் படகு தள்ளுவது என்று எங்கேயும் இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் நான் இருந்ததில்லை. இங்கே வந்து மூன்று வாரம்தான். வந்த முதல் வாரமே கிளம்பும் நாளையும் யோசித்து வைத்திருந்தேன்.

என் குல்லா முடிகிற நாளில் எனக்குப் பொறுக்கவில்லை. காது இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. நைனா உச்சியையும் எழுப்பி முடித்திருந்தான். விளிம்பைத் தைத்த இடத்தில் நாலு விரல் நீளத்துக்கு நூலின் வால் தொங்கியது. அதை ஊசியில் கோத்து வரிகளுக்குள் முன்னும் பின்னும் ஓட்டி மறைக்க வேண்டும். அதுவரை குல்லாவைக் கையில் கொடுக்க மாட்டான்.

“அஞ்சு நிமிசம் குந்து நைனா. வால மறச்சிட்டுத் தர்றேன்.”

“வால் இருந்தா குரங்கு ஆயிடுவனா? குடுய்யா” என்று பிடுங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அன்று பேக்கிங் கூடத்தில் ஆள் குறைவு. என்னை அங்கே அனுப்பினார்கள். அங்கே கம்பளி கூடாது, வலைத்தொப்பி மட்டும்தான். வலித்த காதுக்குப் பயந்து குல்லாவைக் கழற்றாமல் அதன்மேலேயே வலைத்தொப்பியை மாட்டினேன். வேலை அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. வால் வெளியே நீட்டிக்கொண்டு பிடரியில் கூசியது. இரண்டு முறை தள்ளிவிட்டேன். மூன்றாவது முறை எரிச்சலில் பிடித்து இழுத்து அறுத்து, பார்க்காமல் உதறினேன்.

அது இறால் கட்டி ஒன்றில் போய் உறைந்தது.

மறுநாள் காலை குவாலிட்டி மேடம் ஓய்வறைக்கு வந்தார். கையில் பாலிதீன் பை. அதற்குள் வாடாமல்லி நிறத்தில் நாலு விரல் நூல். வாங்குகிறவர்களின் ஆள் சோதனை போட்டபோது கிடைத்ததாம். சரக்கு முழுவதையும் நிறுத்தி வைத்துவிட்டார்களாம்.

“இது யாரோடது? பேர் சொல்லாம நான் போக மாட்டேன்.”

என் குல்லா என் கால்சட்டைப் பையில் இருந்தது. அதைப் போட்டு ஒரு நாள்கூட முழுதாகக் கழியவில்லை. நைனாவைத் தவிர யாரும் அதன் நிறத்தை நினைவில் வைத்திருக்கவில்லை. அவன் பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு என் வெறுந்தலையைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த ‘கைகளைக் கழுவவும்’ பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“என்னுது தான் மேடம்” என்றான். விட்டிருக்கலாம். அவனால் முடியவில்லை. “ஆனா மேடம், இது அறுத்த நூலு. நான் அறுக்க மாட்டேன், கத்திரிக்கோலு தான்.”

மேடத்துக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. எனக்கு மட்டும்தான் புரிந்தது. ஒரு வார்த்தை போதும். நான் அதை விழுங்கினேன். பத்து நாளில் நானே விட்டுவிட்டுப் போகப்போகிற வேலை. அதைக் காப்பாற்ற, ஆறு வருடம் ஒருவன் காத்திருந்த வேலையைக் கொடுத்துவிட்டேன். பத்து மணிக்கு அவனை அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் நானும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். அப்படித்தான் அந்த வெயிலில் குல்லாவோடு நடந்தேன்.

புதுவாயல் பஸ் நிறுத்தத்தில் நைனா உட்கார்ந்திருந்தான். அறையைக் காலி செய்துவிட்டு வந்திருந்தான், காலடியில் பெட்டி. கையில் கொக்கி ஊசி. திரும்பி ஓடலாமா என்று பார்த்தேன். அதற்குள் பார்த்துவிட்டான்.

“அத்தக் கழட்டு” என்றான்.

அடிக்கப் போகிறான் என்று நினைத்துக் கழற்றினேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் குல்லாவைத் திருப்பி, நான் அறுத்த இடத்தைத் தடவினான். தையல் அரை அங்குலம் பிரிந்திருந்தது.

“பாத்தியா, வாய் தொறந்துகிச்சு. உன்னுது தான் தொறக்கல.”

பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

“ஏன்பா உன்னுதுன்னு சொன்ன?” என்று கேட்டேன்.

“பாசம்னு நெனச்சிக்காத நைனா. வால் மறைக்காத குல்லாவ நான் கையவுட்டு வுட்டது தப்பு. பிடுங்கினு போனா தொரத்தினு வந்திருக்கணும்.” புது நூல் கோத்து, இரண்டு வரிசையை உள்ளே மடித்துத் தைத்தான். வாலை வரிகளுக்குள் மூன்று முறை ஓட்டி, கத்திரிக்கோலால் வெட்டினான். ஐந்து நிமிடம்தான் ஆனது. “ரெண்டு வரிசை போச்சு. இனிமே நெத்தியப் பிடிக்கும். பொறுத்துக்க.”

“நான் போய் மேடத்துகிட்ட சொல்லிட்றேன்.”

“மெயிலு போய்ச்சு. வெளிநாட்டுக்காரனுக்கு என் பேர இங்கிலீஷ்ல எழுதி அனுப்பிட்டாங்களாம். எங்கூட்ல ஒருத்தருக்கும் என் பேர இங்கிலீஷ்ல எழுத வராது தெரிமா?” என்று சிரித்தான். திருவள்ளூர் பஸ் வந்தது. ஏறிவிட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டான், அந்த வெயிலிலும்.

கம்பெனி கேட் ஒரு மணி நேர நடைகூட இல்லை. நான் திரும்பிப் போகவில்லை. அந்த நீலச் சட்டை வந்திருந்தால் அவன் பெயர் எனக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை ஓர் இரும்பு உருக்காலையில் வேலை கிடைத்தது. உலைக்குப் பக்கத்தில் கசடு அள்ளுவது. ஸ்டோர்காரர் ஹெல்மெட் அடுக்குக்கு முன்னால் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உலயாண்ட வேல. கம்பளிக் குல்லா போட்டுக்கினு வந்துகீற. கழட்டுபா. தல சைஸு இன்னா?”

கழற்றினேன். நெற்றியில் வரிவரியாகப் பதிந்திருந்ததை அவர் பார்த்திருப்பார்.

“எழுபத்தெட்டு வரிசை சார்” என்றேன். “இப்போ எழுபத்தாறு.”