பெப்பர்மிண்ட் பிஸ்கட்டும் என் வீட்டுக்காரர் முதுகும்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பெப்பர்மிண்ட் பிஸ்கட் சுட்டு, பாதியை சாக்லேட்ல முக்கி, மேல மிட்டாய்த் தூள் தூவி, டின்ல அடுக்கணும்.

அவ்வளவுதான். ராக்கெட் விடுற வேலை ஒண்ணும் இல்ல.

எதுக்குன்னு சொல்லிடறேன். எங்க பொண்ணு ஷாலினிக்கு மாப்பிள்ளை பார்த்து... நாங்க எங்க பார்த்தோம், அவளே பார்த்துட்டா. பையன் பேரு ஜோயல். பக்கத்து ஊரு கூலாய்க்காரன், சிங்கப்பூர்ல வேலை. தங்கமான பையன். அவங்க கிறிஸ்துவங்க, நாங்க கோயிலுக்குப் போறவங்க. அதுல ரெண்டு வீட்டுக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. பிரச்சனை எல்லாம் எனக்கும் ஓவனுக்கும் நடுவுலதான்.

ஏன்னா ஜோயலோட அம்மா ரெஜினா பேக்கிங்ல பெரிய கை. டிசம்பர் வந்துட்டா அவங்க வீட்டு வெண்ணெய் வாசனை தாமான் முழுக்க, எல்லாத் தெருவுலயும் அடிக்குமாம். போன வாரம் எனக்கு போன் பண்ணாங்க.

"சம்பந்தியம்மா, ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு கிறிஸ்மஸ் கேக் எடுத்துக்கிட்டு பெர்மாஸ் ஜெயாவுல உங்க வீட்டுக்கு வரோம். ஆமா, நீங்களும் பேக் பண்ணுவீங்களா?"

"இல்ல"ன்னு சொல்லியிருக்கலாம். மூணே எழுத்து.

"ஓ, அடிக்கடி!"ன்னேன்.

பக்கத்துல உட்கார்ந்திருந்த ஷாலினி மெதுவா திரும்பி என்னைப் பார்த்தா. எங்க வீட்டு ஓவனுக்குள்ள இருக்கிறது என்னன்னா, ரெண்டு தோசைக்கல்லு, முறுக்கு அச்சு, இட்லி தட்டு. அதை நான் அலமாரின்னே நினைச்சிருந்தேன்.

"அப்படியா! என்ன செய்வீங்க?"

"இந்த... பெப்பர்மிண்ட் பிஸ்கட். சாக்லேட்ல முக்கினது."

அது எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க. காலையில போன்ல யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா பனி கொட்டுற ஜன்னல் பக்கத்துல நின்னு அதைச் செஞ்சாங்க. நான் பார்த்தேன். வாய் சொல்லிடுச்சு.

"அடடே! எங்க வீட்டுக்காரரும் வராரு, அவருக்கும் கொஞ்சம் குடுங்க, கொண்டு போறோம்!"

அவங்க வீட்டுக்காரர் சம்பந்தி அந்தோணியைப் பத்தி ஒரு வார்த்தை. அவரே ஒரு வார்த்தைதான் பேசுவாரு. நிச்சயத்துக்கு வந்தப்போ "வணக்கம்"னாரு. போறப்போ "வரோம்"னாரு. நடுவுல சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. பொண்ணைப் பிடிச்சிருக்கா, எங்களைப் பிடிச்சிருக்கா, குடிச்ச காப்பியாவது பிடிச்சிருக்கா, ஒண்ணும் தெரியாது. ஷாலினிக்கு அவர்னா பயம்.

"மா, ப்ளீஸ். ஜோயல் அப்பா முன்னாடி மட்டும் எதையும் சொதப்பிடாதீங்க. அவரு நம்மளப் பத்தி என்ன நினைக்கிறாருன்னு ஜோயலுக்கே தெரியல."

"பிஸ்கட்ல என்னடி சொதப்ப முடியும்?"ன்னு கேட்டேன்.

நேத்து காலையில முதல் ஆளா பேக்கிங் சாமான் கடைக்குப் போயிட்டேன். அங்க வேலை செய்யற மலாய்க்காரப் பொண்ணு பெப்பர்மிண்ட் எசென்ஸை எடுத்துக் குடுத்து, "கடைசி போத்தல், காக்! நசீப் பாயிக்!"னுச்சு. அக்காவுக்கு அதிர்ஷ்டமாம்.

அந்த அதிர்ஷ்டம் கடை வாசல்லயே இறங்கிக்கிச்சு.

வீட்டுக்கு வந்து மாவு பிசைஞ்சேன். வீடியோவுல அந்தம்மா வெண்ணெய் "ரூம்ல இருக்கிற சூட்டுல" இருக்கட்டும்னாங்க. அவங்க ரூம்ல பனி. என் ரூம் வெயில் கொளுத்துற ஜோகூர்ல இருக்கு. நான் கிண்ணத்தை எடுக்கிறதுக்குள்ள வெண்ணெய் எண்ணெய் ஆயிடுச்சு.

சரி, எண்ணெயும் வெண்ணெய்தானேன்னு ஊத்திப் பிசைஞ்சு, உருட்டி, ட்ரேல இடம் விட்டு இடம் விட்டு வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஓவன் கதவைத் திறந்தா, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, ட்ரே அளவுக்கு ஒரே ஒரு பிஸ்கட்டு!

ஷாலினி எட்டிப் பார்த்தா. "மா, இது பிஸ்கட்டா, கதவா?"

"கத்தியை எடு. அறுத்துக்கலாம்."

மிச்ச மாவை டப்பாவுல போட்டு மூடி ஐஸ் பெட்டியில வச்சு இறுக விட்டு, அடுத்த ட்ரேல சுட்டேன். அது வட்டமா வந்துச்சு. எனக்கே நம்ப முடியல. தட்டிப் பார்த்தேன், கடிச்சுப் பார்த்தேன். பிஸ்கட்டேதான்!

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் அடுப்படி வாசல்ல வந்து நின்னாரு. "புவனா, நான் ஏதாச்சும் செய்யட்டா?"

மனுஷன் தானா வந்து கேக்கிறாரு. விடலாமா? சிவப்பு வெள்ளை கோடு போட்ட பெப்பர்மிண்ட் மிட்டாய்ப் பாக்கெட்டைக் கையில குடுத்து, "இதை நல்லா இடிச்சுக் குடுங்க"ன்னேன். பின்னாடி போயி டொக் டொக்குன்னு இடிச்சு, ஒரு கிண்ணம் நிறைய செக்கச்செவேல்னு தூள் கொண்டு வந்து குடுத்துட்டு, காடியை, அதான் காரை, கழுவப் போயிட்டாரு. என்ன ஒரு மனுஷன்னு நினைச்சுக்கிட்டேன்.

அடுத்தது சாக்லேட். கொதிக்கிற தண்ணி மேல கிண்ணத்தை வச்சு, மூடி போட்டு உருக்கணும். உருகிச்சு, பட்டு மாதிரி. "பாருடி, பாருடி"ன்னு ஷாலினியைக் கூப்பிட்டேன். அவ வந்து மூடியைத் தூக்கினா. மூடியில இருந்த ஒரு சொட்டு தண்ணி உள்ள விழுந்துச்சு.

சாக்லேட் அப்படியே கெட்டியாகி, புட்டு மாவு மாதிரி உதிர்ந்துடுச்சு!

"ஒரு சொட்டுதானே மா!"

"ஒரு சொட்டுதான்டி. நீ போயி ஹாலைக் கூட்டு."

நல்ல வேளை, இன்னொரு பாக்கெட் இருந்துச்சு. அதை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உருக்கி, பிஸ்கட்டை ஒண்ணொண்ணா முக்கி, சிவப்புத் தூளைத் தூவினேன். சொல்றேன் மக்களே, அழகுன்னா அழகு! அந்த வெள்ளைக்காரம்மா பார்த்தா ஜன்னலைச் சாத்திக்கிட்டு அழுதிருப்பாங்க.

ஆனா சாக்லேட் காயணுமே. ஹால்ல இருக்கிற வெக்கைக்கு அது காயறதுக்குப் பதிலா வழிய ஆரம்பிச்சுது. ஐஸ் பெட்டியில வைக்கலாம்னா, காலையில இவரு பசார்ல வாங்கிட்டு வந்த மீன் பூரா அங்க கிடக்கு. மீன் வாசத்துல கிறிஸ்மஸ் பிஸ்கட் குடுத்தா கல்யாணம் நடக்குமா?

எங்க வீட்ல ஏர்கான் இருக்கிறது எங்க படுக்கிற ரூம்ல மட்டும்தான்.

மெத்தை மேல எண்ணெய்த்தாளை விரிச்சேன். பிஸ்கட்டை எல்லாம் வரிசை வரிசையா அடுக்கினேன். திரையை இழுத்து மூடி, லைட்டை அணைச்சு, ஏர்கானை முழு வேகத்துல வச்சு, கதவைச் சாத்திட்டு வந்தேன். ஷாலினிகிட்ட சொன்னேன், "ரூமுக்குள்ள போகாதே."

ஷாலினிகிட்ட சொன்னேன். இதை நல்லா கவனிச்சுக்கோங்க. வேற யார்கிட்டயும் சொல்லல.

காடி கழுவி முடிச்ச மனுஷன் பின்னாடி பாத்ரூம்ல குளிச்சிட்டு, கைலியோட, சட்டை போடாம, நேரா ரூமுக்குள்ள போயிருக்காரு. உள்ள கும்மிருட்டு. ஜில்லுன்னு இருக்கு. பொண்டாட்டிக்கு நம்ம மேல எவ்வளவு அக்கறை, நமக்காக ஏர்கானைப் போட்டு வச்சிருக்கான்னு நினைச்சாராம். அவரே பின்னாடி சொன்னாரு.

அடுப்படியில நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். ரூமுக்குள்ளேருந்து "மொறுக்"குன்னு ஒரு சத்தம்.

குழாயை மூடினேன்.

"புவனா... மெத்தையில என்னமோ உடைஞ்சிருச்சு."

ஓடினேன். லைட்டைப் போட்டேன். மல்லாந்து படுத்திருக்காரு.

"எந்திரிக்காதீங்க!"ன்னு கத்தினேன்.

எந்திரிச்சிட்டாரு.

அலமாக்! முதுகு முழுக்க பிஸ்கட்டு! உடம்புச் சூட்டுல சாக்லேட் இளகி, பசை மாதிரி பிடிச்சுக்கிச்சு. வரிசை கூட கலையல. அவரு பக்கம் அடுக்கினது அத்தனையும் முதுகுல. என் பக்கம் அடுக்கினது மட்டும் தப்பிச்சு, ஒரு தட்டும் ஒரு டின்னும் நிரம்புற அளவுக்கு மெத்தையில கிடக்கு. ஷாலினி ஓடி வந்து அதை எல்லாம் பொறுக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நான் வெண்ணெய் தடவுற கத்தியை எடுத்துட்டு வந்து முதுகுலேருந்து பெயர்க்க ஆரம்பிச்சேன்.

"ஆடாம நில்லுங்க."

"புவனா, முதுகு ஜில்லுன்னு இருக்கு."

"பெப்பர்மிண்ட் அப்படித்தாங்க இருக்கும்."

"இல்ல... இப்போ எரியுது."

"பெப்பர்மிண்ட் எரியாதுங்க."

"எரியுதுடி!"ன்னு குதிக்க ஆரம்பிச்சிட்டாரு.

எனக்கு என்னமோ பொறி தட்டிச்சு. "மிட்டாயை எந்தக் கல்லுல இடிச்சீங்க?"

"சம்பாலுக்கு மிளகா இடிக்கிற கல்லுலதான். நம்ம வீட்ல வேற எந்தக் கல்லு இருக்கு?"

"கழுவுனீங்களா?"

"காஞ்சுதானே இருந்துச்சு!"

காஞ்சுதான் இருந்துச்சு. காஞ்ச மிளகாய்! சிவப்பு மிட்டாய்ல சிவப்பு மிளகாய் எனக்கு எப்படித் தெரியும்? முதுகுலேருந்து ஒரு துளி தூளை எடுத்து நாக்குல வச்சேன். முதல்ல மூக்கு திறந்துச்சு. அப்புறம் காது அடைச்சுது.

சரி, அஞ்சு மணி ஆக இன்னும் நேரம் இருக்கு, பிஸ்கட்டை எல்லாம் கொட்டிட்டு கடையில ஏதாவது வாங்கிடலாம்னு முடிவு பண்ணினேன்.

வாசல்ல காடி ஹாரன்.

"சம்பந்தியம்மா! ஹைவேல ஜாமே இல்ல லா, சீக்கிரம் வந்துட்டோம்!"

டிசம்பர் லீவுல ஜாம்ல மாட்டாம ஜோகூர் பாருக்கு வந்த ஒரே காடி எங்க சம்பந்தி காடியாத்தான் இருக்கும்.

ஷாலினி கேட்டைத் திறந்துட்டா. ரெஜினா கையில கேக், பின்னாடி அந்தோணி. ரெண்டு பேரும் வந்து ஹால்ல உட்கார்ந்துட்டாங்க. நான் ரூமை விட்டு வெளிய வந்து, கதவைச் சாத்திட்டு, ஈன்னு சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். உள்ளேருந்து "ஸ்ஸ்ஸ்... ஆஆ"ன்னு சத்தம்.

"வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு ரெஜினா கேட்டாங்க.

"இல்லையே! பாட்டு பாடுறாரு."

எங்க ரூமுக்குள்ள பாத்ரூம் கிடையாது. குளிக்கணும்னா ஹாலைத் தாண்டித்தான் போகணும். எரிச்சல் தாங்காம கதவைத் திறந்துட்டாரு. ஆனா புத்திசாலி. முதுகைக் காட்டாம, முகத்தை அவங்க பக்கம் வச்சு, ரெண்டு கையையும் கூப்பி, "வணக்கம் சம்பந்தி, வாங்க சம்பந்தி"ன்னு சொல்லிக்கிட்டே நண்டு மாதிரி பக்கவாட்டுல நகர்றாரு.

எவ்வளவு மரியாதைன்னு ரெஜினா எந்திரிச்சு நின்னு கும்பிட்டாங்க.

நாங்க மறந்தது ஒண்ணே ஒண்ணு. அவருக்குப் பின்னாடி எங்க ஷோகேஸ். அதுல ஆள் உயரத்துக்குக் கண்ணாடி.

ரெண்டு பேர் கண்ணும் கண்ணாடிக்குப் போறதைப் பார்த்தேன். அந்தோணி சம்பந்தி கொஞ்சம் முன்னாடி குனிஞ்சாரு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாரு. அப்போ பார்த்து ஒரு பிஸ்கட் கழண்டு தரையில "டொக்"குன்னு விழுந்துச்சு. எல்லார் கண்ணும் அதையே பார்க்குது.

அந்தோணி வாயைத் திறந்தாரு.

"சம்பந்தி, உங்க முதுகுல பிஸ்கட் இருக்கு."

என் வீட்டுக்காரர் கூப்பின கையை எடுக்கல. "ஆமா சம்பந்தி. காய வச்சிருக்கேன்"னு சொல்லிட்டு அப்படியே நகர்ந்து பாத்ரூமுக்குள்ள மறைஞ்சிட்டாரு.

எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு. ஷாலினி முகம் வெளுத்துப் போச்சு. இந்தச் சங்கடத்தை மாத்தணும்னு அவளுக்குத் தோணியிருக்கு. பாவம், மிளகாய் கதை அவளுக்குத் தெரியாதே! அடுப்படிக்கு ஓடிப் போயி, தப்பிச்ச பிஸ்கட்டை அழகா தட்டுல வச்சு எடுத்துட்டு வந்து, "அங்கிள், எடுத்துக்கோங்க. அம்மா செஞ்சது"ன்னு நீட்டிட்டா.

நான் கண்ணைக் காட்டினேன். தலையை ஆட்டினேன். கையை ஆட்டினேன். "கொசுவா மா?"ன்னு கேக்குறா.

அந்தோணி ஒண்ணை எடுத்து முழுசா வாயில போட்டுட்டாரு.

மென்னாரு. நிறுத்தினாரு. காது சிவந்துச்சு. நெத்தியில வேர்த்துச்சு. கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. கல்யாணம் நின்னுச்சுன்னு நான் முடிவே பண்ணிட்டேன்.

அவரு கையை நீட்டி இன்னொண்ணை எடுத்தாரு.

"முதல்ல ஜில்லுங்குது"ன்னாரு. மென்னாரு. "அப்புறம் சுர்ருங்குது." மூணாவதை எடுத்துக்கிட்டு பொண்டாட்டி பக்கம் திரும்பினாரு. "ரெஜி, இத்தனை வருஷமா நீ ஏன் இப்படி ஒண்ணு செய்யல?"

ரெஜினா முகம் போன போக்கைப் பார்க்கணுமே! அவங்களும் ஒண்ணைக் கடிச்சு, இருமி, ஒரு கிளாஸ் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சிட்டு, "இது... எந்த ஊர் ஸ்டைலு?"ன்னாங்க.

"நம்ம சொந்த ஸ்டைலுதான் சம்பந்தியம்மா"ன்னேன். உண்மைதானே.

பாத்ரூமுக்குள்ளேருந்து தண்ணி ஊத்துற சத்தமும் "ஐயோ, அம்மா"வும் கேட்டுச்சு. அந்தோணி சம்பந்தி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாரு. தோள் குலுங்குச்சு. முதல்ல இருமுறாருன்னு நினைச்சேன். மனுஷன் சிரிக்கிறாரு! சத்தம் போட்டு, தொடையைத் தட்டி, கண்ணைத் துடைச்சுத் துடைச்சு சிரிக்கிறாரு. ரெஜினாவே பயந்துட்டாங்க. ஷாலினி என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் அவளும் சிரிச்சா. நானும் சிரிச்சேன், என்ன பண்றது.

போறப்போ பிஸ்கட் டின்னை ரெஜினாகிட்ட குடுக்காம தானே அக்குள்ல இடுக்கிக்கிட்டாரு. வாசல்ல நின்னு, துண்டைப் போர்த்திக்கிட்டு நின்ன என் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சு, "கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வாங்க சம்பந்தி"ன்னாரு. ரெண்டு அடி போயிட்டுத் திரும்பி, "சட்டை போட்டுக்கிட்டு வாங்க"ன்னாரு.

இன்னைக்குக் காலையில ரெஜினா மெசேஜ் போட்டிருந்தாங்க: "எங்க வீட்டுக்காரர் இன்னும் வேணுங்கிறாரு. அளவு சொல்லுங்க சம்பந்தியம்மா."

மாவு, சீனி, வெண்ணெய் எல்லாம் சொல்லிட்டேன். மிளகாய் அளவு தெரிஞ்ச ஒரே ஆளு இன்னும் குப்புறப் படுத்திருக்காரு, என்கிட்ட பேச மாட்டேங்கிறாரு.